பளுவை நகர்த்தும் சொற்கள்: 'ஹால்' என்னும் ஆங்கில வினை



தமிழில் 'இழு' என்னும் ஒரே வினையை வைத்துக்கொண்டு நாம் எத்தனையோ வேலைகளைச் சொல்லிவிடுகிறோம். தேரை இழுக்கிறோம், வலையை இழுக்கிறோம், நாற்காலியை இழுத்துப் போடுகிறோம், குறும்பு செய்யும் தம்பியின் காதையும் இழுக்கிறோம். ஆங்கிலத்தில் கட்டுரை எழுத உட்கார்ந்தால் இவை அத்தனைக்கும் 'புல்' என்ற ஒரே சொல்லை எழுதிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுகிறோம். அது பிழை அன்று, மதிப்பெண்ணும் குறையாது. ஆனால் படிப்பவர் கண்முன் காட்சி எழாது. இழுத்த பொருள் இலேசானதா, பாரமானதா? இழுத்தவர் களைத்தாரா, களைக்கவில்லையா? 'புல்' என்ற சொல் இதையெல்லாம் சொல்வதில்லை.

பாரமான பொருளை முயன்று இழுப்பதற்கென்றே ஆங்கிலத்தில் ஒரு வினை உண்டு. அதுதான் 'ஹால்'. அதன் எழுத்துகள் எச், ஏ, யு, எல். அந்தச் சொல்லையும் அதன் உறவினரையும் இக்கட்டுரையில் காண்போம்.

ஒலியும் எழுத்தும்

முதலில் உச்சரிப்பு. ஏ, யு என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்துப் பார்த்தவுடன் நம்மில் பலர் 'ஹவுல்' என்று படித்துவிடுகிறோம். 'ஹவுல்' என்பது வேறொரு சொல். ஓநாய் ஊளையிடுவதைக் குறிப்பது. 'மீனவர்கள் படகைக் கரைக்கு இழுத்தார்கள்' என்று சொல்ல நினைத்து, அவர்களை ஊளையிட வைத்துவிடக் கூடாது அல்லவா? ஆகஸ்ட் மாதத்தின் ஆங்கில எழுத்துகளைப் பாருங்கள். அங்கும் தொடக்கத்தில் ஏ, யு தான் உள்ளன. யாரும் 'அவுகஸ்ட்' என்று சொல்வதில்லை. மகளைக் குறிக்கும் 'டாட்டர்', காரணத்தைக் குறிக்கும் 'காஸ்' ஆகியவற்றிலும் இதே ஒலிதான். புனித சின்னப்பரைத் தமிழில் பவுல் என்றும் அழைப்பதால் நமக்கு மயக்கம் வருகிறது. ஆங்கிலத்தில் அவர் பெயர் 'பால்' என்றே ஒலிக்கும். வாயை 'ஆ' என்று திறந்து, உதடுகளைச் சற்றே 'ஓ' என்று குவித்தால் சரியான ஒலி வந்துவிடும். விழா நடக்கும் மண்டபத்தைக் குறிக்கும் 'ஹால்' என்ற சொல்லும் இங்கிலாந்து உச்சரிப்பில் இதே ஒலி உடையது. காதுக்கு இரண்டும் ஒன்று. எழுத்திலும் பொருளிலும் வேறு.

இனி எழுத்துக்கூட்டல். 'ஹால்' ஓர் ஒழுங்கு வினை. இறந்த காலத்துக்கு ஈ, டி சேர்த்தால் போதும். இறுதியில் உள்ள எல் இரட்டிக்காது. அதற்கு முன் இரண்டு உயிரெழுத்துகள் இருப்பதே காரணம். ஆனால் ஒரே குறில் உயிரைக் கொண்ட 'டிராக்', 'டக்', 'லக்' ஆகியவற்றில் இறந்த காலத்தில் ஜி இரட்டிக்கும். 'டிரா' என்பது ஒழுங்கற்ற வினை: டிரா, டிரூ, டிரான். இவற்றை மனப்பாடம் செய்து கொள்ளுங்கள்.

வாக்கியத்தில் அமையும் முறை

'ஹால்' செயப்படுபொருள் குன்றா வினையாகவே பெரும்பாலும் வரும். எதை இழுத்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். அதன்பின் எங்கே, எந்தத் திசையில் என்பதும் வந்தால் வாக்கியம் நிறைவு பெறும். 'த மென் ஹால்ட் த போட் அப் த பீச்' என்றால் ஆடவர் படகைக் கடற்கரை மேட்டுக்கு இழுத்து ஏற்றினர் என்பது பொருள். வண்டியில் ஏற்றிச் சரக்கைக் கொண்டு செல்வதற்கும் இச்சொல் பொருந்தும். லாரி செங்கல்லை 'ஹால்' செய்கிறது. இரயில் எஞ்சின் நிலக்கரிப் பெட்டிகளை 'ஹால்' செய்கிறது. சரக்கு ஏற்றிச் செல்லும் தொழிலுக்கு 'ஹாலேஜ்' என்று பெயர்.

தன்னைத் தானே இழுத்துக்கொள்வதும் உண்டு. கிணற்றில் விழுந்தவன் கயிற்றைப் பற்றித் தன் உடலைத் தானே மேலே கொண்டு வந்தால், அவன் தன்னை 'ஹால்' செய்து கொண்டான் என்பர். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். பளுவும் முயற்சியும் இல்லாத இடத்தில் இச்சொல்லுக்கு வேலை இல்லை. பென்சிலை யாரும் 'ஹால்' செய்வதில்லை, வேடிக்கைக்காக எழுதினால் ஒழிய.

உடன்பிறந்த சொற்கள்

பளுவை நகர்த்தும் வினைகள் ஆங்கிலத்தில் ஒரு குடும்பம் போல இருக்கின்றன. முகச்சாயல் ஒன்றானாலும் ஒவ்வொன்றுக்கும் தனிக்குணம் உண்டு.

'புல்' என்பது பொதுச்சொல். எந்த இழுப்புக்கும் பொருந்தும். அதற்கு எதிர்ச்சொல் 'புஷ்', அதாவது தள்ளு.

'டிராக்' என்றால் தரையில் உராய உராய இழுப்பது. பொருள் வர மறுக்கிறது. நாம் விடாமல் இழுக்கிறோம். மேசையைத் தூக்க முடியாமல் தரையோடு இழுத்தால் அது 'டிராக்'. விருப்பமில்லாத குழந்தையைப் பல் மருத்துவரிடம் இழுத்துப் போவதும் அதுவே.

'டோ' என்றால் பழுதான வண்டியையோ படகையோ கயிறு கட்டி, மற்றொரு வண்டியின் பின்னால் இழுத்துச் செல்வது.

'டக்' என்பது வெடுக்கென்று இழுப்பது. குழந்தை தாயின் முந்தானையை இழுப்பது 'டக்'. நம் விளையாட்டு விழாவில் நடக்கும் கயிறு இழுக்கும் போட்டிக்கு ஆங்கிலப் பெயர் 'டக் ஆஃப் வார்' என்பது உங்களுக்குத் தெரியும். 1900 முதல் 1920 வரை அது ஒலிம்பிக் போட்டிகளிலும் இடம்பெற்றிருந்தது. துறைமுகத்தில் பெருங்கப்பல்களை இழுத்து வரும் சிறு கப்பலும் 'டக்' தான்.

'லக்' என்பதை எல், யு, ஜி என்று எழுத வேண்டும். சி, கே போட்டு எழுதினால் அதிர்ஷ்டம் ஆகிவிடும். பாரமான பொருளைச் சிரமப்பட்டுச் சுமந்தோ இழுத்தோ செல்வதே 'லக்'. பேருந்து நிலையத்தில் நாம் தினமும் கேட்கும் 'லக்கேஜ்' என்ற சொல் இதிலிருந்தே பிறந்தது. சுமக்கச் சிரமமானது எதுவோ அதுவே லக்கேஜ். விடுதி மாணவிகளுக்கு இதன் பொருளை விளக்கத் தேவையில்லை!

'ஹாய்ஸ்ட்' என்றால் கயிற்றாலோ கப்பியாலோ மேலே ஏற்றுவது. கொடியேற்றுவதற்கு இச்சொல்லே ஏற்றது.

'ஹீவ்' என்றால் மூச்சைப் பிடித்து ஒரே முயற்சியில் தூக்குவது, அல்லது தூக்கி எறிவது. பாரம் என்று பொருள்படும் 'ஹெவி' என்ற சொல் இதன் நெருங்கிய உறவு. பாய்மரக் கப்பலில் கயிற்றை இழுக்கும்போது ஆங்கில மாலுமிகள் அனைவரும் ஒன்றாக இழுப்பதற்காக 'ஹீவ் ஹோ' என்று குரல் கொடுப்பர். நம் மீனவர்கள் 'ஐலசா' என்று குரல் கொடுப்பது போல என்று கொள்ளுங்கள்.

'டிரா' சற்றே மென்மையானது. குதிரை வண்டியை இழுப்பதும், திரைச்சீலையை இழுத்து மூடுவதும், கிணற்றில் நீர் சேந்துவதும் 'டிரா'. மேசையில் இழுத்துத் திறக்கும் அறைக்கு 'டிராயர்' என்று பெயர் வந்ததும் இதனாலேயே. தாளின் மீது பென்சிலை இழுப்பதால்தான் ஓவியம் 'டிராயிங்' ஆயிற்று.

இவற்றோடு இலத்தீன் மொழியின் பங்கையும் சொல்ல வேண்டும். அம்மொழியில் இழுத்தலைக் குறிக்கும் 'டிராஹெரே' என்ற வினையிலிருந்து வந்தவையே டிராக்டர், டிரெயின் ஆகிய சொற்கள். கணக்கில் வரும் கழித்தலுக்கான 'சப்டிராக்ட்', கவர்தலுக்கான 'அட்டிராக்ட்' ஆகியவையும் அதன் பிள்ளைகளே. ஒன்று கீழிருந்து இழுத்து எடுப்பது. மற்றது தன்பால் இழுப்பது.

பிறந்த கதை

'ஹால்' கப்பலோடு தொடர்புடைய சொல். கயிற்றால் இழுப்பதைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல் ஆங்கிலத்துக்கு வந்து முதலில் 'ஹேல்' என்றிருந்தது. 16ஆம் நூற்றாண்டில் 'ஹால்' என்ற வடிவம் தோன்றியது. பழைய 'ஹேல்' உடனே மறைந்துவிடவில்லை. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், மனிதரை நீதிபதியிடமும் சிறைக்கும் இழுத்துச் செல்வதற்கு அச்சொல்லே வருகிறது. இன்றும் ஒருவரை நீதிமன்றத்துக்கு இழுப்பதைச் சொல்ல ஆங்கில நாளிதழ்கள் 'ஹால்' என்றே எழுதுகின்றன.

விவிலியத்திலேயே நமக்கு நல்லதொரு பாடம் கிடைக்கிறது. யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தில் 153 பெரிய மீன்கள் பிடிபட்ட நிகழ்ச்சியை அறிவீர்கள். திருத்திய ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றில், படகில் வந்த சீடர்கள் வலையை நீரோடு இழுத்து வந்ததற்கு 'டிராக்' என்ற வினையும், இராயப்பர் அதைக் கரையில் இழுத்துப் போட்டதற்கு 'ஹால்' என்ற வினையும் வருகின்றன. படகின் பின்னால் வலை உராய்ந்துகொண்டு வருகிறது. கரையில் மனிதக் கை அந்தப் பாரத்தை இழுக்கிறது. இரண்டு வினைகள், இரண்டு காட்சிகள்.

நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் 'ஓவர்ஹால்' என்ற சொல் அன்றாடம் புழங்குகிறது. பேருந்து எஞ்சினைப் பிரித்துப் பழுது பார்ப்பதை அப்படிச் சொல்கிறார்கள். இதுவும் கப்பலிலிருந்து வந்ததே. கப்பிகளில் ஓடும் கயிற்றை எதிர்ப்புறமாக இழுத்துத் தளர்த்துவதற்கு மாலுமிகள் வைத்த பெயர் அது. பின்னர் ஒன்றை முழுதாகச் சோதித்துச் சீர்செய்தல் என்ற பொருள் வந்து சேர்ந்தது.

வழக்குத் தொடர்கள்

பெயர்ச்சொல்லாக வரும்போது 'ஹால்' என்பது ஒரு முறை வலை இழுத்ததில் கிடைத்த மீன்பாடு. அதிலிருந்து, ஒரே நேரத்தில் கிடைத்த பெருந்தொகுதி எதுவும் 'ஹால்' ஆயிற்று. சுங்க அதிகாரிகள் கைப்பற்றிய கடத்தல் தங்கமும் 'ஹால்'. விளையாட்டு வீரர் வென்று வந்த பதக்கங்களும் 'ஹால்'. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் 'மெடல் ஹால்' 7.

'லாங் ஹால்' என்றால் நெடுந்தொலைவு. கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் விமானப் பயணம் 'லாங் ஹால்'. நீண்டகாலம் பொறுமையோடு செய்ய வேண்டிய வேலைக்கும் அதுவே பெயர். ஒருவரை 'நெருப்புக் கரியின் மேல் ஹால் செய்தார்கள்' என்று ஆங்கிலத்தில் படித்தால் அஞ்ச வேண்டாம். கடுமையாகக் கண்டித்தார்கள் என்பதே பொருள். தலைமையாசிரியையின் அறைக்கு அழைக்கப்பட்டவர்களுக்கு அத்தொடர் எளிதில் விளங்கும்!

சொல்லின் பின்னால் மனிதர்

இதுவரை இலக்கணம் பார்த்தோம். பளுவை யார் இழுத்தார்கள் என்பதையும் சிறிது பார்ப்போம்.

இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்ச் என்னும் பழங்காலக் கல்வட்டம் இருக்கிறது. அதன் பெரிய கற்களுள் 30 டன்னுக்கு மேற்பட்டதும் உண்டு. அவை ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவிலிருந்து வந்தவை என்று 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. சிறிய கற்கள் வேல்ஸ் நாட்டு மலையிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்தவை. எஞ்சின் இல்லாத காலத்தில் அவற்றை இழுத்தவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது.

எஞ்சின் எப்போது வந்தது? 1804ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள் வேல்ஸில் ரிச்சர்டு டிரெவிதிக் என்பவர் செய்த நீராவி எஞ்சின், 5 வண்டிகளில் 10 டன் இரும்பையும் 70 ஆட்களையும் ஏற்றி, 9 மைலுக்கு மேல் இழுத்துச் சென்றது. ஆகிய நேரம் ஏறத்தாழ 4 மணி. எஞ்சினின் பாரம் தாங்காமல் இரும்புத் தண்டவாளங்கள் உடைந்தன. ஆயினும் விலங்கும் மனிதனும் இழுத்ததை இயந்திரம் இழுக்க முடியும் என்பது மெய்ப்பட்டது.

ஆனால் எல்லோருடைய தோளிலிருந்தும் பாரம் உடனே இறங்கிவிடவில்லை. அதே பிரிட்டனில், அதற்கு முப்பது நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும், நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் கரி நிரம்பிய தொட்டிகளைச் சிறுவர்களும் சிறுமிகளும் இழுத்தார்கள். நிமிர முடியாத தாழ்ந்த சுரங்கப் பாதை. இடுப்பில் வார் கட்டி, அதிலிருந்து கால்களுக்கிடையே சங்கிலி ஓட, கைகளாலும் முழங்கால்களாலும் இருட்டில் தவழ்ந்து தொட்டியை இழுக்க வேண்டும். யார்க்‌ஷயரில் அவர்களுக்கு 'ஹரியர்' என்றும், லங்காஷயரில் 'டிராயர்' என்றும் பெயர். ஆம், நம் மேசை அறைக்கு உள்ள அதே பெயர்தான். ஒரு குழந்தை தன் பெயரை இழந்து, தான் செய்யும் வினையே பெயராக வாழ்ந்தது.

1838ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் யார்க்‌ஷயரின் சில்க்ஸ்டோனில் கடும் மழை பெய்தது. ஹஸ்கர் சுரங்கத்திலிருந்து வெளியேற முயன்ற குழந்தைகளை, பெருகி வந்த வெள்ளம் சுரங்கப் பாதையிலேயே மடக்கியது. 26 குழந்தைகள் இறந்தனர். அவர்களுள் 11 பேர் சிறுமிகள். 1840இல் விசாரணைக் குழு அமைந்தது. 1842இல் அதன் அறிக்கை வெளிவந்தது. சங்கிலி பூட்டித் தவழும் குழந்தைகளின் படங்கள் அதில் இருந்தன. கண்டவர்கள் திடுக்கிட்டனர். அவ்வாண்டே ஆஷ்லி பிரபுவின் முயற்சியால் சட்டம் இயற்றப்பட்டது. பெண்களும் சிறுமிகளும், 10 வயதுக்குட்பட்ட சிறுவர்களும் சுரங்கத்துக்குள் வேலை செய்வது தடை செய்யப்பட்டது.

அந்த அறிக்கையை எழுதியவர்கள் சுரங்கத்தில் கண்டதைச் சரியான சொற்களால் எழுதினார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். 'குழந்தைகள் கரி வேலைக்கு உதவுகிறார்கள்' என்று பொதுப்பட எழுதியிருந்தால் யாருடைய மனமும் அசைந்திராது. எதை இழுத்தார்கள், எப்படி இழுத்தார்கள், உடலில் எங்கே கட்டி இழுத்தார்கள் என்று சொன்னதால்தான் நாடு கேட்டது. ஆகவே வினைச்சொல்லைத் தேர்ந்தெடுப்பது தேர்வுக்கு மட்டும் உரிய வேலை அன்று. பிறர் சுமக்கும் பாரத்தை உள்ளபடி சொல்லவும் அது வேண்டும்.

தமிழில் 'வலி'

இங்கு நம் தாய்மொழியையும் எண்ணிப் பார்ப்போம். தமிழில் 'வலித்தல்' என்றால் இழுத்தல். துடுப்பு வலிக்கிறோம் என்கிறோம் அல்லவா? 'வலி' என்றால் வலிமை. 'வலி' என்றால் நோவு. இழுப்பவனின் செயலும், அதற்கு வேண்டிய பலமும், அதனால் வரும் வேதனையும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. 'ஹால்' என்பதற்குப் பொருள் எழுதும்போது 'இழு' என்று மட்டும் எழுதாமல், 'வலித்து இழு', 'சிரமப்பட்டு இழு' என்று எழுதிப் பாருங்கள். பொருள் நிறைவாக இருக்கும்.

பயிற்சி

கீழ்க்கண்டவற்றை ஆங்கிலத்தில் எழுத எந்த வினை ஏற்றது?

1. சுதந்திர தினத்தன்று தலைவர் கொடியை ஏற்றினார்.
2. பழுதான காரை லாரி ஒன்று கயிறு கட்டி இழுத்துச் சென்றது.
3. தங்கை என் பின்னலை வெடுக்கென்று இழுத்தாள்.
4. தூத்துக்குடியில் மக்கள் திரளாகக் கூடி, பனிமய மாதாவின் தங்கத் தேரை வடம் பிடித்து இழுத்தார்கள்.
5. பாட்டி அரிசி மூட்டையைத் திண்ணை வரை தரையோடு இழுத்தாள்.
6. அம்மா கிணற்றில் நீர் சேந்தினாள்.

விடைகள்: 1. ஹாய்ஸ்ட். 2. டோ. 3. டக். 4. ஹால்; தேரின் பாரத்தைச் சொல்ல விரும்பாவிட்டால் புல். 5. டிராக். 6. டிரா.

ஐந்தாம் வாக்கியத்தை எழுதி முடித்ததும், அந்த மூட்டையின் மறுமுனையைப் பிடிக்கப் பாட்டிக்கு ஓர் ஆள் கிடைத்தால் வாக்கியம் எப்படி மாறும் என்று எண்ணிப் பாருங்கள். இருவர் சேர்ந்து தூக்கினால் 'டிராக்' போய் 'கேரி' வந்துவிடும். அந்த மாற்றத்தை நோட்டுப் புத்தகத்தில் மட்டுமல்ல, வீட்டிலும் செய்யலாம்.